புதன்கிழமையின் இரண்டு அறைகள்

போன மாதம் என் சர்க்கரை அளவு எகிறியதற்கு மைசூர்பாகு காரணமில்லை. ஒரு கல்லூரிதான் காரணம் என்றால் நம்புவீர்களா? என் டாக்டர் நம்பவில்லை.

மாதம் ஒருமுறை ரத்தம் எடுக்க எங்கள் ஸ்ரீரங்கம் ஃப்ளாட்டுக்கு ரோஸ்லின் வருவார். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேபில் டெக்னீஷியன். வீடு பாலக்கரையில். காலை ஆறரைக்கு பெல் அடித்தால் ரோஸ்லின்தான் என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடலாம். ஊசி ஏறியதே தெரியாது. 'முடிஞ்சிருச்சு மேடம்' என்று அவர் சொன்ன பிறகுதான் நான் கண்ணைத் திறப்பேன்.

அன்று இரண்டு முறை குத்தினார். இரண்டு முறையும் நரம்பு தப்பியது. மூன்றாவது ஊசியைப் பிரித்தவர் குத்தாமல் கீழே வைத்தார்.

என்ன விஷயம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கு யாராவது இரண்டு குத்து குத்துவார்களா? ஒருவழியாக ரத்தத்தை எடுத்து முடித்ததும் உட்கார வைத்து, என் வீட்டுக்காரர் போட்ட காபியைக் கையில் கொடுத்தேன். பாதி காபியைக் குடித்தார். பிறகு சொன்னார்.

ரோஸ்லினுக்கு ஒரே பெண். பெயர் இனியா. பி.எஸ்சி. இயற்பியல், கடைசி வருடம். நன்றாகப் படிக்கிற பெண். நுழைவுத் தேர்வு எழுதி சென்னையில் ஒரு பெரிய கல்வி நிறுவனத்தில் எம்.எஸ்சி. இடம் வாங்கிவிட்டாள். இங்கே பட்டத்தை முடித்தால் அங்கே போய்ச் சேரலாம். இன்னும் பத்து நாளில் கடைசிப் பரீட்சை. வகுப்பில் எல்லோருக்கும் ஹால் டிக்கெட் வந்துவிட்டது. இனியாவுக்கு மட்டும் வரவில்லை.

காரணம்? புதன்கிழமை கடைசி மணி. மூன்று வருடமாக அந்த ஒரு மணி நேரத்துக்கு அவள் வகுப்புக்கே வரவில்லையாம். அட்டெண்டன்ஸ் பூஜ்யம்.

எந்தக் கல்லூரி என்று கேட்டேன். சொன்னார். முப்பது வருடத்துக்கு மேல் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த கல்லூரி அது.

கல்லூரியின் பெயரை எழுத மாட்டேன். அதை எந்த மதத்துக்காரர்கள் நடத்துகிறார்கள் என்பதையும் எழுத மாட்டேன். எழுதினால் என்ன ஆகும்? உங்களில் பாதிப் பேர் கை தட்டுவீர்கள், மீதிப் பேர் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். இன்னொரு மதத்தின் பெயரைப் போட்டால் தட்டுபவர்களும் திட்டுபவர்களும் இடம் மாறிக்கொள்வார்கள், அவ்வளவுதான். திருச்சியில் எல்லா மதத்துக்கும் கல்லூரி உண்டு. நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும். என்னைத் தெரிந்தவர்கள் ஊகித்துவிடுவீர்கள். ஊகித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது அரசு உதவி பெறும் கல்லூரி. அதாவது கட்டடமும் நிர்வாகமும் ஒரு மத அறக்கட்டளையுடையது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. நானும் மாதா மாதம் அந்தச் சம்பளத்தைத்தான் வாங்கினேன். இன்று அரசாங்கப் பென்ஷன் வாங்குகிறேன். 'அந்தக் காலேஜ்தான் உனக்குச் சோறு போட்டது' என்று என் நாத்தனார் அடிக்கடி சொல்வார். தட்டுதான் காலேஜுடையது, சோறு ஊர்ப் பணம்.

சரி, புதன்கிழமைக்கு வருவோம்.

அந்தக் கல்லூரியில் புதன்கிழமை கடைசி மணி மட்டும் ஒவ்வொரு வகுப்பும் இரண்டாகப் பிரியும். நிர்வாகத்தின் மதத்தைச் சேர்ந்த பிள்ளைகள் ஓர் அறைக்குப் போவார்கள். அங்கே சமய வகுப்பு. மற்றவர்கள் இன்னோர் அறைக்குப் போவார்கள். அங்கே அறநெறி வகுப்பு. உண்மை பேசு, பெரியோரை மதி, செடி நடு... அந்த வகையறா. மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு தேர்ச்சி. அது இல்லாமல் பட்டம் இல்லை. தன்னாட்சிக் கல்லூரி, பரீட்சை வைப்பதும் ஹால் டிக்கெட் கொடுப்பதும் அவர்களேதான்.

யார் எந்த அறைக்கு என்பதை எப்படி முடிவு செய்வது? ரொம்ப சுலபம். சேர்க்கை விண்ணப்பத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்த்து லிஸ்ட் போட வேண்டியதுதான்.

இனியாவின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலி.

அவள் அப்பா கணேசன் பாலக்கரையில் தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளி யூனிஃபார்ம் தைப்பவர். ரோஸ்லினும் அவரும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவர் இந்து, இவர் கிறிஸ்தவர். இரண்டு வீட்டிலிருந்தும் ஒரு ஆள் வரவில்லை. கல்யாணத்துக்கு வராத இரண்டு வீட்டாரும் குழந்தை பிறந்ததும் வந்து நின்றார்களாம்—மொட்டை எங்கே, ஞானஸ்நானம் எங்கே என்று. அன்றைக்கு இந்த இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இரண்டும் கிடையாது. அவள் பெரியவளாகி எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், எதுவும் வேண்டாமென்றாலும் சரி. அதுவரை எந்தப் படிவத்திலும் அந்தக் கட்டத்தை அவரும் நிரப்பக் கூடாது, இவரும் நிரப்பக் கூடாது.

பள்ளியில் சேர்த்தபோதும் காலியாகத்தான் விட்டார்கள். நம் மாநிலத்தில் அப்படி விடலாம் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. சாதி, மதம் இரண்டையும் பெற்றோர் எழுத விரும்பவில்லையென்றால் பள்ளி கட்டாயப்படுத்தக் கூடாது. ஆக, இந்தப் பெண் சட்டத்துக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை.

வைகுண்ட ஏகாதசிக்கு கணேசன் ஸ்ரீரங்கத்துக்கு வந்து கூட்டத்தில் இடிபடுவார். கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு ரோஸ்லின் புதுப்புடவை கட்டுவார். இரண்டு இடத்துக்கும் மூன்று பேரும் சேர்ந்தே போவார்கள். மாதா மாதம் என் கையில் ஊசி குத்தும்போது ரோஸ்லின் சொன்ன கதைகள் இவை. அந்தக் காலிக் கட்டத்தின் மேல்தான் அந்தக் குடும்பம் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறது.

கல்லூரியில் முதல் புதன்கிழமையே இனியா கேட்டிருக்கிறாள், நான் எந்த அறைக்குப் போகவேண்டும் என்று. வகுப்பாசிரியர் இரண்டு லிஸ்டையும் பார்த்துவிட்டு, 'ரெண்டுலயும் உன் பேர் இல்லையேம்மா, நீ லைப்ரரிக்குப் போ, நான் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்' என்றாராம். ஆபீஸில் கேட்டுச் சொல்வதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இந்தப் பெண்ணும் மூன்று வருடம் புதன்கிழமை தவறாமல் லைப்ரரிக்குப் போயிருக்கிறாள். கல்லூரியிலேயே ஒழுங்காக லைப்ரரிக்குப் போன ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

இப்போது ஆபீஸில் என்ன சொல்கிறார்கள்? ஏதாவது ஒரு மதத்தை எழுதிப் பெற்றோர் கடிதம் கொடுத்தால் போதும், அட்டெண்டன்ஸை சரிக்கட்டி ஹால் டிக்கெட் கொடுத்துவிடுவார்கள்.

"ஏதாவது ஒண்ணுன்னு ஈஸியா சொல்றாங்க மேடம். எதை எழுதறது? அவரோடதை எழுதினா நான் தோத்தேன். என்னோடதை எழுதினா அவர் தோத்தாரு" என்றார் ரோஸ்லின்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றே கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

அந்த இரண்டு லிஸ்டை முதன்முதலில் போட்டதே நான்தான்.

ஆமாம். சிரிக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது புதன்கிழமை கடைசி மணி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. நிர்வாகத்தில் சில பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு நம் சமயத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் வேண்டும், மற்றவர்களைக் கட்டாயப்படுத்தவும் கூடாது, என்ன செய்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கால அட்டவணை போடுகிற வேலை கணக்கு டீச்சர் தலையில்தானே விழும்? நான் ஒரே ராத்திரியில் தீர்த்துவைத்தேன். ஒரே மணி, இரண்டு அறை, இரண்டு ரெஜிஸ்டர். விண்ணப்பத்தில் மதம் என்ற கட்டத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னதும் நான். எங்கும் மோதாமல் அட்டவணை போட்டதற்காகக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்தச் சால்வை இப்போதும் பீரோவில் இருக்கிறது.

இரண்டிலும் சேராத ஒரு பிள்ளை வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வருடா வருடம் முதல் வகுப்பில் கணங்கள் நடத்துவேன். எதுவுமே இல்லாததும் ஒரு கணம்தான், அதற்குப் பெயர் வெற்றுக் கணம் என்று போர்டில் அடைப்புக்குறி போட்டுக் காட்டுவேன். புரியாத பிள்ளைகளைத் திட்டுவேன். என் சொந்த லிஸ்டில் அதற்கு இடம் வைக்க மறந்துவிட்டேன்.

ஆக, பாதிக் கோபத்தோடும் பாதி வெட்கத்தோடும் கல்லூரி ஆபீஸுக்குள் நுழைந்தேன்.

சூப்பிரண்டு எழுந்து நின்றார். என்னிடம் படித்தவர். நாற்காலி போட்டார், டீ சொன்னார், விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். என் இரண்டு ரெஜிஸ்டரும் இப்போது சாஃப்ட்வேர் ஆகிவிட்டன. மதம் என்ற கட்டத்தில் வரிசையாகப் பெயர்கள். 'பிற' என்றும் ஒன்று இருந்தது. நான் நிம்மதியாக அதைக் காட்டினேன். அவர் அதை அழுத்தினார். உடனே ஒரு சின்னக் கட்டம் முளைத்தது. எந்த மதம் என்று குறிப்பிடவும்.

"நிரப்பலைன்னா விடாது மேடம். நான் என்ன பண்ணட்டும்? ஏதாவது ஒண்ணைப் போட்டுடச் சொல்லுங்க" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? விதை போட்டது நான், இவர் தண்ணீர் ஊற்றுகிறார்.

முதல்வரைப் பார்த்தேன். நல்ல மனிதர், பொய் சொல்லக் கூடாது. மரியாதைக்குக் குறைவில்லை. பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் சொன்னது அதே வார்த்தைதான். பேப்பருக்காகத்தானே மேடம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள், ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுத்தால் தானே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அறநெறி வகுப்பில் மதமே கிடையாது, ஆகவே மதத் திணிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் சொன்னார்.

அறநெறி வகுப்பைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. நானே எடுத்திருக்கிறேன், நானே தூங்கியும் இருக்கிறேன். என் புகார் அறைக்கு வெளியே. வாசலில் நிறுத்தி, 'நீ யார், எங்களவளா, மற்றவளா' என்று கேட்கிறோமே, அதைப் பற்றி. கேட்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? கணேசன் வாங்கும் ஒவ்வொரு நூல்கண்டுக்கும் வரி கட்டுகிறார். ரோஸ்லின் வாங்கும் சோப்புக்கும் வரி உண்டு. அந்தக் காசில் சம்பளம் வாங்கிக்கொண்டு, அவர்கள் மகளையே வாசலில் நிறுத்தி, எந்தச் சாமி என்று கேட்கிறோம். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று ஒரு பழமொழி உண்டு. பிள்ளையார் என்று இருப்பதால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், எல்லா மதத்துக்கும் அது பொருந்தும். இங்கே தேங்காயைப் பறிகொடுத்த கடைக்காரரையே கோயில் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறோம்.

அரசாங்கப் பணம் வாங்கும் கல்வி நிறுவனத்தில் யாரையும் அவர் சம்மதமில்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்காரச் சொல்லக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதை எழுதியவர்களுக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் நாம் இப்படி இரண்டு அறை கட்டி அதைச் சுற்றிக்கொண்டு போவோம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

சரி, பணம் கொடுக்கிறவர்களையே கேட்போம் என்று மறுநாள் ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பதும் வேண்டாம். கல்லூரிகளுக்கு மானியம் கொடுக்கிற வேலையைப் பார்க்கிறவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தபின் ஓர் அதிகாரி கூப்பிட்டார். நான் எழுதிக்கொண்டு போன மனுவின் முதல் பத்தியைப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க என்ன மதம் மேடம்?" என்று கேட்டார்.

அது எதற்கு என்று கேட்டேன். அவர் விளக்கினார்... நிர்வாகத்தின் மதமாக இருந்தால் உள்குத்து, வேறு மதமாக இருந்தால் வேண்டாத பிரச்சினை, எதற்கும் தெரிந்துகொண்டால் நல்லது. புகாரை எடை போட, முதலில் புகார் கொடுக்கிறவரின் சாமியைத் தராசில் வைக்க வேண்டும் போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் ஹால் டிக்கெட் என்ன ஆவது என்று கேட்டேன். "நாங்க சம்பளம் மட்டும்தான் மேடம் பார்க்கிறோம். உள்ள என்ன நடக்குதுங்கறது நிர்வாகம்" என்றார்.

இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? வீட்டுக்கு ஒரு சமையல்காரரை வைத்தால்கூட, மாதச் சம்பளம் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது, யாருக்குச் சோறு போட்டாலும் போடாவிட்டாலும் அவர் இஷ்டம் என்று சொல்வோமா? பள்ளியில் காலியாக விடலாம் என்று ஒரு கையால் உத்தரவு போடுகிறது அரசாங்கம். காலியாக விட்டவளுக்குப் பரீட்சை கிடையாது என்கிற இடத்துக்கு இன்னொரு கையால் சம்பளம் கொடுக்கிறது. இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன.

மானியத்தை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆவேன். அரசாங்கம் கல்லூரி கட்டாத காலத்தில் இந்த ஊரில் மதக்காரர்கள்தான் கட்டினார்கள். வாசலில் வந்து நின்ற ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் காசில் நடத்தியபோது உங்கள் வீடு. ஊர்க் காசு வந்துவிட்டால் அது ஊர் வீடு. ஊர் வீட்டில் யாரையும் நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்டு உட்கார வைக்கக் கூடாது. இது புரிய எந்தப் படிப்பும் தேவையில்லை.

இந்த ஊரில் நல்லிணக்கத்துக்கு ஒன்றும் குறைச்சலில்லை. மூன்று மதப் பெரியவர்களையும் மேடையில் வரிசையாக உட்கார வைத்து, மூன்று சால்வை போர்த்தி, ஒரு ஃபோட்டோ எடுத்தால் அந்த வருடத்து நல்லிணக்கம் முடிந்தது. அதே மேடைக்குப் பின்னால் இருபது வயதுப் பெண் ஒருத்தி லிஸ்டில் பேர் இல்லாமல் நிற்கிறாள். அவளுக்குச் சால்வை வேண்டாம், ஹால் டிக்கெட் போதும்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது சூப்பிரண்டிடமிருந்து ஃபோன். "மேடம், கொஞ்சம் வர முடியுங்களா? ஒரு சிக்கலாயிருச்சு" என்றார்.

போனேன். முதல்வர் அறையில் கணேசனும் ரோஸ்லினும் இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கணேசனை அன்றுதான் முதலில் பார்த்தேன். கழுத்தில் இன்ச் டேப்பைக் கழற்றாமலே கடையிலிருந்து வந்திருந்தார். இனியா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். மேஜைமேல் இரண்டு கடிதங்கள்.

முதல் கடிதம் கணேசனுடையது. முந்தின நாள் காலை மனைவிக்குத் தெரியாமல் வந்து கொடுத்தது. தன் மகள் இனியா, அவளுடைய தாயாரின் மதமான கிறிஸ்தவ மதத்தைச் சேர்ந்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இரண்டாவது ரோஸ்லினுடையது. அதே நாள் மதியம், லேபில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்து கொடுத்தது. தன் மகள் இனியா, அவளுடைய தகப்பனாரின் மதமான இந்து மதத்தைச் சேர்ந்தவள் என்று எழுதியிருந்தார்.

முதல்வர் இரண்டையும் வாய்விட்டுப் படித்தார்.

கணேசன்தான் முதலில் பேசினார். "நீ எழுத மாட்டேன்னுதானே ரோஸு சொன்ன?"

"நீங்களும்தான் சொன்னீங்க."

"அவ பரீட்சை எழுதணும்ல."

ரோஸ்லின் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் என்ன வெட்கம்? இரண்டு பேரும் தோற்பதென்று தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள். இருபது வருடம் விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியதை, அடுத்தவர் தோற்கக் கூடாது என்பதற்காக ஆளுக்கொரு பக்கம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து சூப்பிரண்டு கேட்டார்: "இப்ப இதுல எதை சார் என்ட்ரி போடறது? ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கே. தப்பான டிக்ளரேஷன்னு ஆயிடுமே?"

நான் மேஜையைத் தட்டினேன். அந்த அறையில் அதற்குமுன் நான் குரல் உயர்த்தியதே கிடையாது. இந்த அமைப்பை உண்டாக்கியவள் நான், முட்டாள்தனம் என்னுடையது, அதற்கு இந்த மூன்று பேரை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள் என்று கத்தினேன். ஒருவர் மற்றவர் மதத்தை எழுதிக் கொடுக்க வைத்திருக்கிறீர்களே, இதைவிட என்ன அறநெறியை உங்கள் புதன்கிழமையில் நடத்திக் கிழித்துவிடப்போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். சர்க்கரை ஏறியது அப்போதுதான் என்பது என் கணிப்பு.

நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் இனியா பேசினாள். கத்தவில்லை.

"சார், எனக்கு இருபது வயசு. ஓட்டுப் போடறேன். அம்மாவைக் கேட்டீங்க, அப்பாவைக் கேட்டீங்க. என்னை இதுவரைக்கும் யாருமே கேக்கல. அந்த இடம் காலியாவே இருக்கட்டும் சார். நீங்க எந்த ரூம்ல உக்காரச் சொன்னாலும் உக்காருறேன், என்ன டெஸ்ட் வெச்சாலும் எழுதறேன். நான் இன்னார்னு சொல்லிட்டுத்தான் உக்காரணும்னா மட்டும் முடியாது சார்."

யோசித்துப் பாருங்கள். வகுப்பாசிரியர், சூப்பிரண்டு, முதல்வர், அதிகாரி, பெற்றோர்... ஏன், நானும்தான். எல்லோரும் அவளுக்காகப் பேசினோம், யாரும் அவளிடம் பேசவில்லை. அந்த நாலு நாளும் ஊரெல்லாம் சுற்றி அவளுக்காகச் சண்டை போட்ட நான், அவளிடம் ஒரு வார்த்தை, 'உனக்கு என்னம்மா வேணும்' என்று கேட்கவில்லை.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பழைய ஹால் டிக்கெட் புத்தகம் எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். சூப்பிரண்டு தயங்கினார். எல்லாம் சாஃப்ட்வேர் ஆகிவிட்டது, கையால் எழுதி வழக்கமில்லை என்றார்.

"பேனா இருக்குல்ல?" என்றார் முதல்வர்.

ஸ்டோர் ரூமிலிருந்து தூசியோடு ஒரு புத்தகம் வந்தது. முதல்வரே உட்கார்ந்து எழுதினார். பெயர், துறை, பதிவு எண், பாடங்கள். முத்திரை குத்தினார். இரண்டு கடிதங்களையும் கோப்பில் வைக்காமல் மடித்து அவரவரிடமே திருப்பிக் கொடுத்தார். கணேசன் தன்னுடையதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளாமல் ரோஸ்லினிடம் நீட்டினார். ரோஸ்லின் தன்னுடையதை அவரிடம் கொடுத்தார். யாருக்கு எது சொந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் இனியா அறநெறிக்கான டெஸ்டை லைப்ரரியிலேயே உட்கார்ந்து எழுதினாள். 'சகிப்புத்தன்மை குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக' என்று ஒரு கேள்வி வந்திருந்ததாம். மூன்று வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருந்தாள்? தேர்ச்சி பெற்றாள். பரீட்சைகளையும் முடித்துவிட்டாள். ஜூலையில் சென்னைக்குப் போகிறாள்.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம்தான். ஆனால் போன வாரம் அந்தக் கல்லூரியின் புது விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தேன். மதம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் நட்சத்திரக் குறி இருக்கிறது. கட்டாயம் நிரப்பவும். ஒரு நல்ல மனிதர் ஒருமுறை பேனாவை எடுத்ததால் ஒரு பெண் தப்பித்தாள். அடுத்த காலிக் கட்டம் வரும்போது அந்த நாற்காலியில் யார் இருப்பார்களோ?

அரசாங்க அலுவலகத்தில் கொடுத்த மனுவுக்கும் பதில் வந்துவிட்டது. உங்கள் மனு தக்க நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட கல்லூரிக்கே அனுப்பி வைக்கப்பட்டுள்ளது என்று. நான் கல்லூரியைப் பற்றிக் கொடுத்த புகாரைக் கல்லூரியே விசாரித்துக்கொள்ளுமாம். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விடுவேனா? அதே அலுவலகத்துக்கு இரண்டாவது மனு எழுதி நேற்று ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அந்த அட்டவணையைப் போட்டவள் நானே, அதைக் கலைக்கச் சொல்கிறவளும் நானே என்று ஆரம்பித்தேன். கூடவே பீரோவில் இருந்த சால்வையையும் முதல்வருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மனுவின் கடைசிப் பத்தியை மட்டும் இங்கே தருகிறேன்: புதன்கிழமை கடைசி மணிக்குப் பாடப் புத்தகம் தேடி அலைய வேண்டாம். பாலக்கரையில் ஒரு தையல்காரரும் ஒரு லேப் டெக்னீஷியனும் எழுதிய இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. கேட்டால் நகல் தருவார்கள். அதையே மூன்று வருடமும் பாடமாக வைக்கலாம்.

அதை நடத்த ஒரே அறை போதும்.